ஆண்மையும் மகப்பேறும்

பதுளை, பசறை, மடுல்சீமைத் தோட்டங்களிலே குழந்தை இல்லாத வீட்டைக் கண்டால் 'மலடி' என்ற சொல் எளிதாகப் பிறந்துவிடுகிறது; ஆணைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. விஞ்ஞானத்தின் சரித்திரமோ வேறு செய்தி கூறுகிறது.

மொரீசியஸில் பிறந்த பிரௌன்-செக்கார் என்னும் அறிஞர், 1889-ஆம் ஆண்டில் விலங்குகளின் விதைச்சாற்றைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டு, இழந்த வலிமை திரும்பிற்று என்று அறிவித்தார். அது மனமயக்கம். 1935-இல் புட்டேனான்ட், ருசிக்கா ஆகியோர் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். அது மெய்யான வெற்றி. ஹோர்மோன் குறைந்தவர்களுக்கு மருந்து கிடைத்தது.

எனினும், மருந்து வெளியிலிருந்து வரும்போது, மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி தன் ஏவலை நிறுத்திக்கொள்கிறது; விதைகளில் விந்தணு உற்பத்தி குன்றுகிறது. இதையே கருத்தடையாகப் பயன்படுத்தலாமா என ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனம் 1990-இல் முடிவை வெளியிட்டது: வாரந்தோறும் ஊசி பெற்ற 271 ஆண்களில் 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு அறவே இல்லாது போயிற்று. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு அது மீளும். ஆயினும் மாதங்கள் பல கழிய வேண்டும்.

மாற்று வழி உண்டு. 1927-இல் ஆஷ்ஹைமும் சொண்டெக்கும் கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஒரு ஹோர்மோனைக் கண்டனர். அது விதைகளைத் தூண்டி, உடலின் சொந்தச் சுரப்பையே எழுப்ப வல்லது. பிட்யூட்டரியின் ஏவல் குறைந்தவர்களுக்கு, மகப்பேற்றைக் காத்தபடியே சிகிச்சை செய்ய அது உதவுகிறது. விதைகளே பழுதுற்றவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது. ஆகவே காலை வேளை இரத்தப் பரிசோதனையும் விந்துப் பரிசோதனையும் முதலில் வேண்டும்.

ஆனால் தோட்டத்து வைத்தியம் எதற்காகப் பிறந்தது? 1872-ஆம் ஆண்டுச் சட்டம் கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளித்தபோது, துரைமார் கண்டது பிரட்டுக்கு வரும் உடலையே. 1980-இல் அரசாங்கம் கருத்தடை அறுவைக்கு முதலில் 100 ரூபாயும், அவ்வாண்டிலேயே 500 ரூபாயும் கொடுத்தது. அரைவயிற்றுக் குடும்பத்தின் முன் நீட்டப்படும் பணம் அதன் விருப்பத்தையே விலைபேசாதா என்று நாம் கேட்கிறோம்.

லயத்து இளைஞன் சோர்வென்று சென்றால், மருந்துச் சீட்டு எழுதுமுன் "இனிக் குழந்தை வேண்டுமா?" என்று வைத்தியர் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் இளைஞனே அதைச் சொல்ல வேண்டும். அந்தத் துணிவை ஊட்டுவது ஆசிரியர், மாணவர் கடமை. ஆணின் மகப்பேற்றைக் காக்கும் மருந்து முதலில் பெண்ணின் உடலிலிருந்தே கிடைத்தது என்பதையும் லயந்தோறும் சொல்லுவோம். 'மலடி' என்ற சொல் தானே நாணி ஒழியட்டும்.