தொண்ணூற்று மூன்று அங்குலம்: காவலூர்க் கருவிகளின் அளவுப் பெயர்கள் பற்றி ஓர் ஆராய்ச்சி

ஆலங்காயத்தைக் கடந்து ஜவ்வாது மலைமேல் ஏறும் சாலையில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் அமைந்த காவலூர் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கி, 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தியால் திறந்து வைக்கப்பட்டு, அதை நினைத்தும் திட்டமிட்டும் வந்து, முடிந்ததைக் காணாமலே 1982இல் மறைந்த வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்பது யாவரும் அறிந்த செய்தி. அதன் ஆடியின் விட்டம் 234 சென்டிமீட்டர் என்பதும் அறிந்ததே. ஆனால் அதே கருவியை 93 அங்குலம் என்று குறிக்கும் வழக்கும் உண்டு. இரண்டு எண்களையும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து அச்சிட்டிருப்பதையும் காணலாம். அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. 1959 ஜூலை முதல் ஓர் அங்குலம் சரியாக 2.54 சென்டிமீட்டர் என்று நிர்ணயமாகியிருக்கிறது. அக்கணக்கின்படி 93 அங்குலம் 236.2 சென்டிமீட்டர் ஆகும். 234 சென்டிமீட்டரோ 92.1 அங்குலமே ஆகும். ஏறத்தாழ ஓர் அங்குலம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இவ்விஷயத்தில் எனக்கு முன்பே கருத்துரைத்த மூத்த அறிஞர் ஒருவர் உண்டு. அவரிடம் நேரில் பாடம் கேட்டவனாகையால், மறுக்கப் புகும் இடத்தில் அவர் பெயரைச் சுட்டாமல் விடுகிறேன். அவருடைய கொள்கை இது: நம் நாட்டு வானியல் அங்குலத்திலே பிறந்து அங்குலத்திலே சிந்தித்தது, காவலூர்க் கருவிகள் யாவும் அங்குலத்திலே கருக்கொண்டவை, சென்டிமீட்டர் என்பது 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு அவற்றின்மேல் போர்த்திய மேலாடை. இதற்கு அவர் காட்டிய ஆதாரங்கள் மூன்று. முதலாவது வமிசம்: நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த சென்னை வானாய்வகமும், 1899இல் அதன் வாரிசாகிய கோடைக்கானலும், அங்கிருந்து கிளைத்த காவலூரும் ஒரே குடும்பம், அக்குடும்பத்தின் குலதனம்போல், புனாவில் 1888இல் நிறுவப்பெற்று 1912இல் கோடைக்கானலுக்கு வந்துசேர்ந்த கிரப் நிறுவனத்தின் தொலைநோக்கி 20 அங்குலம் என்றே வழங்கப்பட்டது. இரண்டாவது, காவலூர்க் கருவிகளின் பெயர்களே: 1968இல் வேலையைத் தொடங்கிவைத்த சிறியது 15 அங்குலம், பின்னர் வந்தவற்றுள் ஒன்று 30 அங்குலம், 1972இல் ஜெர்மனியின் யெனா நகரத்து ஸைஸ் நிறுவனத்திலிருந்து வந்தது 40 அங்குலம். எந்த அலகில் எண் முழுமையாக நிற்கிறதோ அந்த அலகே மூலம் என்பது அவர் கைக்கொண்ட பிரமாணம். மூன்றாவது சட்டம்: அரசாங்க ஸ்தாபனம் ஒன்று மெட்ரிக் அளவில் எழுத வேண்டிய கட்டாயத்தால் 38, 75, 102 என்ற எண்கள் தோன்றின என்பது. 93 பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு சொல்: அச்சுப்பிழை.

அந்த ஒரு சொல்லிலிருந்துதான் என் சந்தேகம் தொடங்கிற்று. ஒரு கொள்கையோடு இசையாத எண்ணை அச்சுப்பிழை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அச்சுப்பிழை ஓரிடத்தில் நேர்வது, பல இடங்களில் பரவி வழக்காக நிலைப்பது அரிது. 92 என்று எழுத நினைத்தவர் கை தவறி 93 என்று எழுதியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டாலும், அந்தத் தவறு ஏன் திருத்தப்படாமல் நின்றது என்ற கேள்வி எஞ்சுகிறது. தவறாகத் தோன்றாத எண்ணைத்தான் யாரும் திருத்துவதில்லை. அப்படியாயின் 93 என்பதைச் சரியென்று காட்டிய ஒரு கணக்கு எவர் கையிலோ இருந்திருக்க வேண்டும்.

அக்கணக்கை நான் கண்டது எந்த ஏட்டிலும் அன்று, பள்ளிப் பையனின் ஜியோமிதிப் பெட்டியில். அதிலுள்ள சிறிய அடிக்கோலின் ஒரு விளிம்பில் 15 சென்டிமீட்டரும் மறு விளிம்பில் 6 அங்குலமும் கோடிட்டிருக்கும். பெரிய கோலில் 30 சென்டிமீட்டரும் 12 அங்குலமும் இருக்கும். உற்றுப் பார்த்தால் இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் முடிவதில்லை என்பது தெரியும். ஆனால் உற்றுப் பார்க்கிறவர் யார்? நம் தலைமுறையினர் பெரும்பாலோர் மனத்தில் அங்குலம் என்பது இரண்டரை சென்டிமீட்டர். அடி என்பது முப்பது. இந்த இரண்டரைக் கணக்கால் காவலூர் எண்களை வகுத்துப் பாருங்கள். 38ஐ வகுத்தால் 15.2, 75ஐ வகுத்தால் சரியாக 30, 102ஐ வகுத்தால் 40.8, 234ஐ வகுத்தால் 93.6. பின்னத்தைக் கழித்துவிட்டால் கிடைப்பவை 15, 30, 40, 93. நான்கும் வழக்கிலுள்ள எண்களே. ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை.

சரியான 2.54 கணக்கில் இதே எண்கள் முறையே 14.96, 29.53, 40.16, 92.13 என்று வருகின்றன. முதல் மூன்றும் அண்மை முழு எண்ணுக்குத் திரும்பினால் 15, 30, 40 ஆகிவிடுவதால், அவற்றைக் கொண்டு எந்தக் கொள்கையையும் நிலைநாட்டவும் முடியாது, வீழ்த்தவும் முடியாது. வழக்கைத் தீர்க்கும் சாட்சி நான்காவது ஒன்றே. அறிஞர் அச்சுப்பிழை என்று வெளியே அனுப்பிய சாட்சி அதுதான். அங்குலமே மூலம், சென்டிமீட்டர் அதன் பெயர்ப்பு என்று கொண்டால் 93லிருந்து 236 வந்திருக்க வேண்டுமே தவிர 234 வர வழியில்லை. சென்டிமீட்டரே மூலம், அங்குலம் பொதுமக்களுக்கும் செய்தி ஏடுகளுக்கும் சொல்வதற்காகப் பிற்பாடு செய்த பின்பெயர்ப்பு என்று கொண்டால், பள்ளிக் கணக்கு ஒன்றே போதும். இரண்டாவது சாட்சியும் முற்றிலும் ஊமை அன்று: 30 அங்குலம் மூலமாயின் 76.2 வந்திருக்கும், அதை 76 என்று எழுதியிருப்பார்கள், 75 என்று ஏன் எழுத வேண்டும்? அங்கு முழு எண்ணாக நிற்பது 75தான். அறிஞரின் பிரமாணத்தையே கொண்டு நோக்கினும் அக்கருவி சென்டிமீட்டரில் பிறந்தது என்றே படும்.

பின்னத்தை அண்மை முழு எண்ணுக்கு உயர்த்தாமல் ஏன் வெட்டினார்கள் என்று கேட்கலாம். 93.6ஐ 94 என்றும் 40.8ஐ 41 என்றும் சொல்வதல்லவா கணித முறை? கணித முறை அதுவே. ஆனால் நம் நாட்டின் அளவை முறை வேறு. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையைப் படியால் அளக்கும்போதும், கீழே சமவெளியில் நெல் அளக்கும்போதும், படியின் வாய்க்கு மேல் நின்ற குவியலைக் கையாலோ கோலாலோ வழித்துவிடுவதைத் தலைதட்டுதல் என்கிறோம். தலைதட்டிய படியும் குவித்த படியும் வெவ்வேறு படிகள் என்பதைச் சென்னை அரசாங்கமே ஒரு காலத்தில் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது: 750 கன அங்குலம் கொண்டு சற்றே குவித்து அளந்த பழைய மரக்காலை விடுத்து, தலைதட்டி அளக்கும் 800 கன அங்குல மரக்காலை 1846இல் நிர்ணயித்தது. எட்டில் ஒரு பங்காகிய படி அதனால் 100 கன அங்குலம் ஆயிற்று. இன்றைய கணக்கில் 1.639 லிட்டர். இதையும் பேச்சில் ஒன்றரை லிட்டர் என்றே தலைதட்டிச் சொல்வார் உளர். மிச்சத்தை வழித்துவிடுதல் நமக்குக் கைவந்த பழக்கம்; அதைத் தசாம்சப் புள்ளிக்கும் நீட்டியிருப்பார்கள் என்று அனுமானிப்பதில் எனக்குக் கூச்சமில்லை. ஆதாரம் மெலிந்த இடம் இது என்பதை அறிவேன். அதனாலேயே அழுத்திச் சொல்கிறேன்.

எடையிலும் இத்தகைய மறைவு நேர்ந்திருக்கிறது. வீசை ஒன்றுக்கு 40 பலம், பலம் ஒன்றுக்கு 3 தோலா என்று கூட்டினால் வீசை 1.3997 கிலோகிராம். மணங்கு 25 ராத்தல், மணங்குக்கு 8 வீசை என்று வகுத்தால் அதே வீசை 1.4175 கிலோகிராம். ஏறத்தாழ 18 கிராம் வேறுபடும் இரண்டு வீசைகளும் 1.4 என்ற ஒரே எண்ணின்கீழ் சமாதானமாக வாழ்ந்துவிட்டன. அளவுகளைச் சமன்படுத்திச் சொல்வது நமக்குப் புதிய வித்தையும் அன்று: ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் ஆடவல்லான் என்னும் மரக்காலைச் சொல்லுமிடத்து அது ராஜகேசரியோடு ஒக்கும் என்று கூடவே குறித்துச் செல்கின்றன. அந்த ‘ஒக்கும்’ என்ற சொல் கல்வெட்டில் வரும்போது அதற்குப் பின்னால் ஓர் அரசாங்கமும் ஒரு கோயில் பண்டாரமும் நின்றன. 93க்குப் பின்னால் நின்றது ஓர் அடிக்கோல் மட்டுமே.

இனி என் கொள்கைக்கு எதிராக நிற்பவற்றையும் சொல்லிவிடுவது நியாயம். முதலாவது, 38. 15 அங்குலம் 38.1 சென்டிமீட்டர் என்பது மிகப் பொருத்தமாக இருக்கிறது. 38 என்பது மெட்ரிக்கில் ஐந்திலோ பூஜ்யத்திலோ முடியும் எண்ணும் அன்று. 1968இன் அச்சிறு கருவி அங்குலத்தில் பிறந்தது என்பதை அறிஞருக்கு விட்டுக்கொடுக்கிறேன். இரண்டாவது, 102. 40 அங்குலம் 101.6 ஆகி 102 என்று திரும்புவது அறிஞரின் பக்கம் வலுவாக நிற்கும் எண். ஆனால் அதே ஸைஸ் நிறுவனம் அதே 1972இல் நைனிடாலுக்கு அளித்த உடன்பிறப்பு 104 சென்டிமீட்டர். அதையும் 40 அங்குலம் என்றே அழைத்திருக்கிறார்கள். 104 எந்தக் கணக்காலும் 40லிருந்து பிறக்காது; 1872 முதலே மெட்ரிக்கில் வேலை செய்யும் நாட்டின் பட்டறை அங்குலத்தில் எண்ணியிருக்கும் என்று நம்புவதும் கடினம். ஆகவே 40 அங்குலம் என்பது அளவன்று, ஒரு ஜாதிப்பெயர் என்றே கருதுகிறேன். இதே நைனிடால் என்னையும் இடறுகிறது என்பதை மறைக்க மாட்டேன்: இரண்டரையால் வகுத்தால் 104 கொடுப்பது 41.6, தலைதட்டினாலும் 41தான். பள்ளிக் கணக்கு காவலூருக்கு வெளியே செல்லவில்லை.

மூன்றாவது தடை இவற்றினும் கனமானது. ஆடிக்கு இரண்டு விட்டங்கள் உண்டு: கண்ணாடியின் முழு விட்டம் ஒன்று, விளிம்பு நீக்கி ஒளியை ஏற்கும் பரப்பின் விட்டம் ஒன்று. 93 அங்குலம் முன்னதையும் 234 சென்டிமீட்டர் பின்னதையும் குறித்திருக்கலாகாதா? குறித்திருக்கலாம், குவித்த படியும் தலைதட்டிய படியும்போல இரண்டும் தத்தம் வகையில் மெய்யாகலாம். ஆனால் இரண்டு எண்களும் ஒரே வாக்கியத்தில் ஒன்றுக்கொன்று பெயர்ப்பாகவே நிற்கின்றன. இரண்டு வெவ்வேறு விட்டங்கள் என்று பிரித்துச் சொல்லும் குறிப்பு என் கண்ணில் படவில்லை. நண்பர் ஒருவர், பழைய நில அளவைத் துறையின் இந்திய அடி வேறாயிற்றே, அதன் விளைவாக இருக்குமோ என்றார். அந்த அடி 0.3047996 மீட்டர் என்றும், அதற்கு முன் 0.30479841 மீட்டர் என்றும் கணக்கிடப்பட்டதுண்டு. எட்டடிக்கும் குறைவான ஓர் ஆடியில் இவை உண்டாக்கும் வித்தியாசம் தலைமயிரின் கனத்துக்கும் குறைவு. நண்பர் சிரித்துக்கொண்டு ஒதுங்கினார்.

93 என்ற எண் எந்த ஆண்டில் முதன்முதல் வழங்கிற்று என்பதை என்னால் நிர்ணயிக்க முடியவில்லை. 1986இன் திறப்பு விழாவையொட்டிப் பரவியிருக்கக்கூடும். கருவி உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே வாய்மொழியாக இருந்திருக்கவும் கூடும். முன்னது உண்மையாயின் என் கொள்கை உறுதிப்படும். பின்னது உண்மையாயின், வரைபடத்தில் அங்குலமே இருந்ததோ என்ற அறிஞரின் கேள்வி மறுபடியும் உயிர்பெறும். அந்நாளைய பட்டறை வரைபடங்களில் ஒன்று எவரிடமேனும் இருக்குமாயின், அதன் ஓரத்தில் எழுதிய அலகு ஒன்றே இவ்வாராய்ச்சி முழுவதையும்விடப் பெறுமதி உடையது. அதை வெளியிட வேண்டுகிறேன்.

2014இல் அதே காவலூரில் நிறுவிய, ஜே. சி. பட்டாசார்யா பெயர் தாங்கிய 1.3 மீட்டர் தொலைநோக்கியை 51 அங்குலம் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.