விண்மீன்களைப் படம் பிடிக்க: கமரா வில்லையா, சிறு தொலைநோக்கியா?

லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது தெரிந்தவர் ஒருவர் கேட்டார்: "அண்ணை, மகன் வானத்தைப் படம் பிடிக்க ஆசைப்படுறான். நல்ல ரெலஸ்கோப் ஒண்டு சொல்லுங்கோ." நான் திருப்பிக் கேட்டது, "கார் வைச்சிருக்கிறியளோ?" இல்லை என்றார். பதிலில் அரைவாசி அங்கேயே முடிந்துவிட்டது.

நானும் ஒருகாலத்தில் பெட்டியில் அச்சிட்டிருந்த உருப்பெருக்கத்தை நம்பிப் பெரிய குழாய் ஒன்றை வாங்கினவன். தாங்கியோடு சேர்த்துப் பதினைந்து கிலோவுக்கு மேல். கூசேன்வில்லில் எங்கள் வானம் பாரிசின் வெளிச்சத்திலும் விமான நிலையத்தின் வெளிச்சத்திலும் ஊறிக் கிடக்கிறது. இருட்டைத் தேடிப் போகத்தான் வேண்டும். அந்தக் குழாயை ஆர்இஆர் டி-யில் தூக்கிக்கொண்டு போனது இரண்டே தடவை. ஒரு படத்துக்கு விழுந்த செலவை, கணக்காளனாக இருந்தும், நான் வெளியில் சொல்வதில்லை.

தூரத்தில் இருப்பதால் பெரிதாக்க வேண்டும் என்று நினைப்பதுதான் முதல் பிழை. அந்திரொமேடா விண்மீன் மண்டலம் வானத்தில் ஏறத்தாழ 3 பாகை நீளம். முழுநிலவு ஆறை வரிசையாக வைத்த அளவு. ஓரியன் நெபுலா இரண்டு நிலவு அகலம். ஊரில் முற்றத்தில் படுத்துக்கொண்டு எண்ணிய ஆறாமீன் கூட்டம் நாலு நிலவு. இவை சிறியவை அல்ல, மங்கலானவை. தேவைப்படுவது ஒளியும் நேரமும்.

சாதாரண ஏபிஎஸ்-சி கமராவில் 135 மில்லிமீற்றர் வில்லை பத்துக்கு ஆறரைப் பாகை வானத்தைப் பிடிக்கும். 250 மில்லிமீற்றர் என்றால் ஐந்தரைக்கு மூன்றரை. அந்திரொமேடாவுக்கு இரண்டும் போதும். நிலவுக்கு மட்டும் கணக்கு வேறு. குவியத் தூரத்தை 110 ஆல் பிரித்தால் உணரியில் நிலவின் விட்டம் கிடைக்கும்: 135-இல் ஒன்றேகால் மில்லிமீற்றர்கூட வராது, 600-இல் ஐந்தரை வரும். மகனுக்கு நிலவும் கோள்களும்தான் ஆசை என்றால் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு நீளமான தொலைநோக்கியைப் பாருங்கள்.

உதாரணத்துக்கு இரண்டு பொருட்கள். சாம்யாங் 135 மில்லிமீற்றர், எஃப் 2 வில்லை, ஒரு கிலோவுக்குள். வில்லியம் ஒப்ரிக்ஸ் ரெட்கற் 51 சிறு தொலைநோக்கி, 250 மில்லிமீற்றர், எஃப் 4.9, ஒன்றரைக் கிலோ அளவு, விலையும் கூட. நெபுலா போன்ற பரந்த பொருளின் ஒளி எஃப் எண்ணின் வர்க்கத்தோடு குறையும். எஃப் 2-இல் பத்து நிமிடத்தில் சேர்வது எஃப் 4.9-இல் சேர ஒரு மணித்தியாலம் வேண்டும். வில்லையை எஃப் 2.8-க்கு ஒடுக்கினாலும் மூன்று மடங்கு மிச்சம். காலை ஐந்து மணிக்கு வேலைக்கு எழும்புகிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

வில்லைக்கும் குறைகள் உண்டு. முடிவிலிக் குறியை நம்பக்கூடாது. பிரகாசமான விண்மீனில் கூர்மை பார்த்து, வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிட வேண்டும். ஒடுக்கினால் விண்மீன்களுக்குக் கதிர் முளைக்கும். தொலைநோக்கியில் கூர்மை பார்ப்பது சுகம், விண்மீன் ஓரம்வரை புள்ளியாக நிற்கும். ஆனால் எல்லாச் சிறு தொலைநோக்கியும் அப்படியல்ல. இரட்டை வில்லையுள்ள மலிவான குழாய்க்குப் புலம் சமனாக்கி என்று இன்னொரு உறுப்பு வாங்காவிட்டால் மூலையில் விண்மீன்கள் வால் முளைத்து நிற்கும். அதையும் விலையில் கூட்டிப் பாருங்கள்.

இந்தக் கேள்வி பழையது. 1870 டிசம்பரில் சிசிலித் தீவின் சிராகூசாவில் முழுச் சூரிய கிரகணத்தைப் படம் பிடித்த ஆங்கிலேயர் அல்பிரட் பிரதர்ஸ், தொலைநோக்கியை விட்டு ஒரு கமரா வில்லையைப் பயன்படுத்தினார். மங்கலாகப் பரந்த ஒளிவளையம் நன்றாக விழுந்தது. அடுத்த கிரகணம் 1871 டிசம்பர் 12. அதன் நிழல் நீலகிரி, யாழ்ப்பாணம், திருகோணமலை வழியாகப் போனது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் நீலகிரியில் நின்றார். யாழ்ப்பாணத்தில் நின்ற பிரித்தானியக் குழு ஒளிவளையத்தைப் படம் பிடித்தது. எங்களூரிலிருந்து வானத்தைப் படம் பிடிப்பது நேற்றுத் தொடங்கிய விசயம் இல்லை.

எதை வாங்கினாலும், பூமி சுழல்வதை ஈடுசெய்யும் சிறு சுழற்றி ஒன்று வேண்டும். அது இல்லாமல் 135-இல் இரண்டு விநாடிக்கு மேல் திறந்தால் விண்மீன் கோடாகும். பணம் மட்டுமட்டு என்றால் பழைய வில்லை வாங்கிச் சுழற்றியைப் புதிதாக வாங்குங்கள். அதன் அச்சைத் துருவ விண்மீனுக்கு நேராக்க வேண்டும். பாரிசில் அது 49 பாகை உயரத்தில், தேடாமலே கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் பத்துப் பாகைக்கும் குறைவு. வடக்கே பனைகள் நின்றால் மறைந்துவிடும். ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் வடக்கே கடல் தெரியும் இடமாகப் பார்ப்பது நல்லது.

எல்லாம் ஒன்றாக அடங்கிய சீஸ்ரார் எஸ்50 போன்ற கருவிகளும் வந்துவிட்டன: 50 மில்லிமீற்றர் வாய், 250 குவியத் தூரம், இரண்டரைக் கிலோ. கைபேசியில் தொட்டால் தானே தேடிப் படத்தை அடுக்கும். கமரா இல்லாத வீட்டுக்கு அதுதான் மலிவு. ஆனால் கலியாணவீட்டுப் படமும் எடுக்கும் வில்லையை நான் அதற்கு மாற்றமாட்டேன்.

எந்தக் கருவியையும் முன்பக்கத்தில் சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியனுக்குத் திருப்பக்கூடாது. பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

அகத்தியர் விண்மீனை, கனோபசைத்தான், பாரிசிலிருந்து ஒருநாளும் பார்க்க முடியாது; அது இங்கே அடிவானத்துக்கு மேல் ஏறுவதேயில்லை. யாழ்ப்பாணத்தில் தெற்கே 27 பாகை உயரத்துக்கு வரும். என் அகதிப் பயணப் பத்திரம் இலங்கைக்குச் செல்லாது. ஆனால் ஸ்பெயினின் தெனெரீபே தீவுக்குச் செல்லும். அங்கே ஜனவரியில் நள்ளிரவையொட்டி, கடலுக்கு மேல் 9 பாகையில் அது நிற்கும். வில்லை, சுழற்றி, சிறு முக்காலி மூன்றையும் நிறுத்துப் பார்த்தேன். விமானத்தில் கைப்பையோடு போகும்.