கூலியின் மலிவும் இயந்திரத்தின் வரவும்

தானியக்கத்தால் எத்தனை வேலைகள் பறிபோகும் என்ற கேள்விக்குப் பெயர்பெற்ற இரண்டு விடைகள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் ஃப்ரேயும் ஆஸ்போர்னும் 2013-இல் 702 தொழில்களை ஆராய்ந்து, அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு ஆபத்தில் இருப்பதாகக் கணித்தனர். ஒரு தொழிலுக்குள் அடங்கிய பணிகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்த ஆர்ன்ட்ஸ் குழுவினர் 2016-இல் கண்ட அளவு 9 விழுக்காடுதான். முறையியலில் இத்தனை விலகியிருந்தும் இரு ஆய்வுகளின் அடிப்படைக் கேள்வி ஒன்றே: இந்த வேலையை இயந்திரத்தால் செய்ய முடியுமா? முடியும் என்பதாலேயே இயந்திரம் வந்துவிடுவதில்லை. உழைப்பவரின் கூலியும் உயிரும் எவ்வளவு மலிவாக மதிக்கப்படுகின்றன என்பதே அது எங்கே, எப்போது வரும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

பிரிட்டனில் கூலி உயர்ந்தும் நிலக்கரி மலிந்தும் இருந்ததால்தான் நூற்பு இயந்திரங்கள் அங்கே முதலில் கட்டுப்படியாயின என்கிறார் பொருளியல் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன். அவர் காட்டும் கூலிக் கணக்கை ஹம்ஃப்ரீஸும் ஷ்னைடரும் மறுத்துள்ளனர். நூற்ற பெண்கள் பெற்றது சொற்பக் கூலியே என்பது அவர்களது முடிவு. ஆகவே 18-ஆம் நூற்றாண்டுச் சான்றை மட்டும் நம்பி நிற்க இயலாது. நம் காலத்துப் பாதாளச் சாக்கடை இன்னும் தெளிவான சான்று. அடைப்பை நீக்க அழுத்த நீர் பாய்ச்சும் வண்டிகளும் கழிவை உறிஞ்சும் வண்டிகளும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. 2018-இல் திருவனந்தபுரத்தில் ‘பேண்டிகூட்’ என்ற ரோபோவும் வந்தது. ஆயினும் ஒப்பந்தக்காரர்கள் இன்றும் ஆட்களைக் குழிக்குள் இறக்குகிறார்கள்; நச்சுவாயு தாக்கி அவர்கள் சாகிறார்கள். தொழில்நுட்பம் இல்லாததால் நேரும் சாவுகள் அல்ல இவை. சாதியால் இவ்வேலைக்குத் தள்ளப்பட்டவரின் உழைப்பு வண்டி வாடகையைவிட மலிவாகக் கிடைப்பதால் நேர்பவை. மனிதக் கழிவைக் கையால் அகற்றும் வேலையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம்கூட, பாதுகாப்புக் கருவிகள் இன்றி இறக்குவதையே ‘அபாயகரமான துப்புரவு’ என வரையறுத்தது. கருவி தந்து இறக்குவதற்கு வழி திறந்தே இருக்கிறது. சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் ரூபாயாகவும் 2023-இல் 30 லட்சமாகவும் நிர்ணயித்ததற்கு இப்பின்னணியில் தனிப் பொருள் உண்டு: ஆளை இறக்குவது மலிவு என்ற கணக்கையே அது தாக்குகிறது.

வேளாண் கூலியும் குறைவுதானே, பிறகு காவிரிப் படுகையில் அறுவடை இயந்திரம் எப்படி வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாளுக்குக் கொடுக்கும் கூலி மட்டுமே உழைப்பின் விலை ஆகாது. முற்றிய கதிர் காத்திருக்காது. அறுப்பு நேரத்தில் மழை பிடித்தால் நெல் சாய்ந்து முளைவிடும். தேவையான நாளில் ஆள் கிடைக்காமல் போனால் நேரும் இழப்பையும் சேர்த்தே உழவர் கணக்கிடுகிறார். சாக்கடை அடைப்பு ஒரு நாள் நீடித்தால் ஒப்பந்தக்காரருக்கு அப்படியொரு நட்டம் இல்லை. ஆனால் வயலில் இயந்திரம் இறங்கியபோது அறுப்புக் கூலி இழந்த பெண்களுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்பதை யாரும் பேசவில்லை.

கூலியை உயர்த்தினால் இயந்திரம் விரைந்து வந்து வேலையையே பறிக்கும் என்பது வலுவான மறுப்பு. வரட்டும், எந்த நிபந்தனையில் என்பதே கேள்வி. சரக்குப் பெட்டகங்கள் துறைமுக வேலையைத் தலைகீழாக்கத் தொடங்கியபோது, ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான அமெரிக்க மேற்குக் கரைத் தொழிற்சங்கம் 1960-இல் ஓர் ஒப்பந்தம் செய்தது. இயந்திரத்தைச் சங்கம் ஏற்றது. ஈடாக முதலாளிகள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் நிதி தந்து, முன்கூட்டிய ஓய்வுக்கும் வருமானத்துக்கும் உறுதியளித்தனர். அதிலும் குறை இருந்தது: முழுப் பதிவு பெற்றவர்களுக்கே பலன் சேர்ந்தது, தற்காலிகத் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். நம் தூய்மைப் பணியாளரில் பெரும்பகுதியினர் ஒப்பந்தக் கூலிகள் என்பதால் அக்குறையை இங்கே மீண்டும் செய்யக் கூடாது. கருவி தந்து இறக்கலாம் என்ற விலக்கைச் சட்டத்திலிருந்து நீக்க வேண்டும். குழிக்குள் இறங்கியவர்களையே இயந்திரத்தை இயக்குபவர்களாக, நிரந்தர ஊதியத்தில், உள்ளாட்சிகள் அமர்த்த வேண்டும்.