சேற்றுப்புண்ணும் பூட்ஸ் காலும்

ஒரு நோய்க்கு மக்கள் இட்ட பெயரைக் கொண்டே அந்நோய் அவர்களை எங்கே பற்றியது என்பதைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். கால்விரல் இடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, வெடித்து, அரிப்பெடுக்கும் நோயைத் தமிழர் சேற்றுப்புண் என்றனர். அமெரிக்கரோ அதனை 'விளையாட்டு வீரர் பாதம்' என்றனர். முன்னது நன்செய் வயலைச் சுட்டுகிறது. பின்னது உடற்பயிற்சிக் கூடத்தின் ஈரமான குளியலறையை. இதே இனத்து நோய் தொடை இடுக்கில் வந்தபோது, இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் அதற்குத் 'தோபி அரிப்பு' என்று பெயரிட்டு, துணி வெளுத்துக் கொடுத்தவர்மீதே பழியைப் போட்டனர்! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோர் அகராதியில் 'வீரர் பாத'த்திற்கு நேராகச் சேற்றுப்புண் என்று எழுதிவிட்டு அமைதியடைகிறோம். ஆனால் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல.

நாற்று நடவிலும் களையெடுப்பிலும் பெண்கள் நாள் முழுதும் கணுக்காலளவு சேற்றில் நின்றனர். அவ்வாறு ஊறி மென்மையான தோலில் ஈஸ்ட் இனப் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒருங்கே குடியேறின. அதுவே வயற்காட்டுச் சேற்றுப்புண். மாலையில் வீடு திரும்பிக் காலைக் கழுவித் துடைத்து, மருதாணி இலையை அரைத்து விரலிடுக்கில் அப்பினர். அல்லது மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினர். சிலர் படிகாரம் கரைத்த நீரில் கழுவினர். பிறகு என்ன செய்தனர்? வெறுங்காலை நீட்டிப் படுத்து உறங்கினர். இரவு முழுதும் காற்று பட்டது. மருந்தின் பாதி வேலையை அக்காற்றே செய்தது என்பது நம் கருத்து.

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையைப் பெங்களூருக்கு மாற்றித் தண்டு நிறுவினர். சென்னைப் படையைத் தொடர்ந்து தமிழ் மாவட்டங்களிலிருந்து சிப்பாய்களும், சமையற்காரரும், கொத்தரும், வணிகரும் வந்து அல்சூர்ப் பக்கத்தில் குடியேறினர். காலப்போக்கில் சிப்பாயின் காலில் பூட்ஸ் ஏறிற்று. 1884-இல் தொடங்கிய பெங்களூர்ப் பஞ்சாலையும், 1940-இல் தோன்றிய விமானத் தொழிற்சாலையும் மேலும் ஆயிரக்கணக்கான தமிழரை அழைத்தன. மூவாயிரம் அடி உயரத்திலுள்ள இவ்வூரில் நடவுச் சேறு ஏது? ஆயினும் மழைக்காலத்தில் காலுறை உலர்வதில்லை. மூடிய காலணிக்குள் நாளெல்லாம் வியர்வையில் ஊறும் கால், வயற்சேற்றில் நின்ற காலுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. சேறு போயிற்று, பெயர் மட்டும் குடியேறியவரோடு வந்துவிட்டது.

காலணிக்குள் வாழும் பூஞ்சையோ வேறு இனம். அதன் வரலாறு நமக்கு மிக அருகில் தொடங்குகிறது. கொழும்பில் பணியாற்றிய ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர், 1910-இல், அந்தத் 'தோபி அரிப்பு' நோயாளரிடம் கண்ட ஒரு புதிய பூஞ்சையை விவரித்தார். வளர்ப்புத் தட்டில் செந்நிறம் காட்டியமையால் அதற்கு 'ரூப்ரம்' என்ற பெயர் வாய்த்தது. டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்று இன்று அழைக்கப்படும் அதுவே உலகெங்கும் பாதப் பூஞ்சைக்கு முதற்காரணமாக இருக்கிறது. அது ஆசியாவிலேயே பிறந்து, போர்களிலும் பயணங்களிலும் கப்பலேறி மேலைநாடுகளுக்குச் சென்றது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. பூட்ஸ் அணிந்த கால் அதற்கு மிகவும் உகந்த இல்லமாயிற்று.

கைமருந்துகள் அதனை அடக்குமா? மருதாணியின் செந்நிறத்திற்குக் காரணமான லாசோன் என்ற பொருள் ஆய்வுக்கூடத்தில் பூஞ்சை வளர்ச்சியைத் தடுப்பது உண்மையே. ஆயினும் கண்ணாடித் தட்டில் அடங்குவதெல்லாம் காலிலும் அடங்கிவிடும் என்று கொள்ளலாகாது. சீமை அகத்தியின் கதை இதனினும் சுவையானது. வண்டுகொல்லி என்ற பெயரும் பெற்ற இச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 'சீமை' என்ற அடைமொழியே அதற்குச் சாட்சி. இதனோடு ஒப்பிடத்தக்கது, பம்பாயில் படர்தாமரைக்கு விற்கப்பட்ட 'கோவாத் தூள்'. அது பிரேசில் நாட்டு மரமொன்றிலிருந்து போர்த்துக்கீசியர் வழியே வந்தது என்னும் செய்தி 1870-களில்தான் வெளிப்பட்டது. இரண்டிலும் ஓரினப் பொருள்களே வேலை செய்கின்றன. நாம் 'நாட்டு மருந்து' என்று பெருமையோடு சொல்வனவற்றுள் கடல் கடந்து வந்தவையும் உண்டு!

பூண்டைப் பற்றியும் ஒரு சொல். அதிலிருந்து பிரித்தெடுத்த அஹோவீன் என்ற பொருளை 1990-களில் வெனிசுவேலா நாட்டுப் படைவீரரின் பாதங்களில் சோதித்தபோது நற்பயன் கிட்டியது. அதனை நம்பிப் பச்சைப் பூண்டை நசுக்கி விரலிடுக்கில் வைத்துக் கட்டினால் தோல் வெந்துவிடும். கடையில் விற்கும் 'கறுப்பு மருதாணி'யும் வேண்டா. அதில் கலக்கும் சாயம் கொப்புளம் எழுப்பக்கூடும். பச்சை இலையே நன்று. பெங்களூர்ச் சந்தையில் 'மதரங்கி' என்றோ 'கோரண்டி' என்றோ கேட்டால் கொடுப்பர். நீரிழிவு உள்ளோர் மட்டும் இச்சோதனைகளில் இறங்காமல் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். விரலிடுக்கு வெடிப்பின் வழியே கிருமி புகுந்து கால் முழுதும் வீங்கிவிடக்கூடும்.

மருதாணியால் வரும் கேட்டைவிட மருந்துக்கடையில் தாமாகவே வாங்கும் களிம்பால் வரும் கேடே இன்று பெரிது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அடக்கும். தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடுவதால் பூஞ்சை அடியில் பரவும். உடலிலும் தொடையிடுக்கிலும் படர்ந்து, வழக்கமான மருந்துக்கு அடங்காத புதிய பூஞ்சை வகையொன்று நம் நாட்டில் பரவி, 2020-இல் 'இண்டோடினியே' என்று நம் நாட்டின் பெயராலேயே குறிக்கப்பட்டது. இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-இல் விதித்தது. இருந்தும் கடைக்காரரிடம் "அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்கள்" என்று கேட்கும் பழக்கம் நம்மவரிடம் போகவில்லை. பூஞ்சையை மட்டும் கொல்லும் களிம்பு தனியே கிடைக்கிறது. அதனை அரிப்பு நின்ற பின்னும் மருத்துவர் குறித்த நாள்வரை தடவவேண்டும். காலணி இரண்டு சோடி இருந்தால் ஒன்று வெயிலில் காயும்போது மற்றதை அணியலாம். வீட்டுக்குள் வந்ததும் காலுறையைக் கழற்றி, விரலிடுக்கைத் துடைத்து, நம் பாட்டிமாரைப் போலவே காலை நீட்டிப் படுக்கலாம்.