தம்பபண்ணிக் கரையில் ஒரு மணவுறுதி

புத்தளம் மாவட்டக் கடற்கரையின் வடபால், வில்பத்துக் காடு கடலைத் தொடும் இடத்தில், குதிரைமலை என்னும் செம்மண் முனை ஒன்று உண்டு. இலங்கை வரலாற்று நூல்கள் கூறும் முதற் காதற் கதை இக்கரையை ஒட்டியே நிகழ்ந்ததென்பர். விஜயனும் குவேனியும் கண்டு மணந்த கதையே அது.

விஜயனும் அவன் தோழர் எழுநூற்றுவரும் கப்பலிலிருந்து இறங்கிக் களைத்துத் தரையிற் கையூன்றியபோது உள்ளங்கை சிவந்ததாம். அதனால் அவ்விடம் தம்பபண்ணி எனப் பெயர் பெற்றது என்கிறது மகாவம்சம். அது எவ்விடம் என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்த கருத்தினர் அல்லர். குதிரைமலையைச் சுட்டுவாரும் உளர். சற்று வடக்கே அருவியாற்று முகத்தைச் சுட்டுவாரும் உளர்.

நாய் ஒன்று அங்கே தோன்றிற்று. நாய் உள்ள இடத்தில் ஊரும் இருக்கும் என்றெண்ணித் தோழன் ஒருவன் அதன் பின்னே சென்றான். மரத்தடியில் தவப்பெண் போன்ற கோலத்தில் ஒருத்தி நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். அவளே இயக்கியாகிய குவேனி. சென்றவன் மீளவில்லை, அவனைத் தேடிச் சென்றோரும் மீளவில்லை. இறுதியில் விஜயனே சென்றான். குளத்தருகே இறங்கிய காலடிகள் உண்டு, ஏறிய காலடிகள் இல்லை என்பதைக் கண்டு உண்மையை உணர்ந்தான். அவள் கழுத்திற் கயிற்றை வீசி, இடக்கையால் கூந்தலைப் பற்றி, வலக்கையில் வாளை ஓங்கினான். உயிர்ப்பிச்சை வேண்டிய அவள், அரசையும் தருவேன், மனைவியாகவும் பணி செய்வேன் என்றாள்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். வஞ்சியாதிருக்குமாறு சூளுறவு செய்தவள் குவேனி. விஜயன் பதிலுக்கு ஏதேனும் உறுதி அளித்ததாக மகாவம்சத்தில் ஒரு சொல்லும் இல்லை. வாளின் கீழ் நிகழ்ந்த இம்மணவுறுதி ஒரு பக்கத்து உறுதியே ஆகும்.

அவளோ சொன்ன சொல்லைக் காத்தாள். தோழரை விடுவித்தாள், வணிகர் கப்பல்களிலிருந்து தன் கைப்பட்ட அரிசி முதலிய பண்டங்களால் அவர்களுக்கு உணவளித்தாள். பதினாறு வயதுக் கன்னியாக உருமாறி மரத்தடியில் மஞ்சம் அமைத்தாள். அன்றிரவு தொலைவிலிருந்து இசை கேட்டது. சிரீசவத்து என்னும் இயக்கர் நகரில் ஒரு திருமண விழா என்றாள். அவ்விழாக் கூட்டத்தை வெல்லும் வழியையும் அவளே கணவனுக்குக் காட்டினாள். பிறர் மணவிழாவில் தன் இனத்தையே பலியிட்டுத் தன் மணத்தை நிலைநிறுத்தினாள் அப்பேதை.

அவர்களுக்கு ஆணொன்றும் பெண்ணொன்றும் பிறந்தன. பின்னர் அமைச்சர் முடிசூட வேண்டியபோது, அரசகுலத்துப் பெண் பட்டத்தரசியானாலன்றி முடி ஏலேன் என்றான் விஜயன். மதுரைக்குத் தூது சென்றது. பாண்டியன் மகளும், பதினெண் தொழிற்குழுவைச் சேர்ந்த ஆயிரம் குடும்பத்தாரும் மாதோட்டத்தில் வந்து இறங்கினர். குழந்தைகளை விட்டுப் போய்விடு என்று குவேனிக்கு விடை கொடுத்தான். அவள் குழந்தைகளுடன் தன் இனத்தாரிடம் சென்று, அவர்கள் கையாலேயே மாண்டாள். விஜயனோ பாண்டிய மாமனுக்கு ஆண்டுதோறும் விலையுயர்ந்த முத்து அனுப்பினான்.

இது வரலாறா? கி.பி. ஐந்தாம் நூற்றாண்டளவில் எழுந்தது மகாவம்சம். அதற்கு முற்பட்ட தீபவம்சம் விஜயனைக் கூறுகிறது, குவேனியைக் கூறவில்லை. கப்பலுடைந்த வணிகரை மயக்கும் சிரீசவத்து இயக்கியர் ஜாதகக் கதையிலும் வருகின்றனர். கிரேக்கரின் ஒடிசியஸ் காவியத்திலும், மாயக்காரி சேர்சி தன் முன் வாளோங்கிய வீரனுக்குப் பணிந்து அவன் தோழரை மீட்டுத் தருகிறாள். ஆகவே நிகழ்ச்சிகளை நிகழ்ந்தவாறே நம்புதல் இயலாது.

எனினும், கதை தன்னையறியாது சில உண்மைகளைக் கூறிவிடுகிறது. வந்தவன் கண்டது வெறுங்காடன்று. அங்கே நூல் நூற்கும் பெண் இருந்தாள். நகரும் விழாவும் இருந்தன. வணிகர் கப்பல்களும் வந்துபோயின. குதிரைமலைக்கு அண்மையிலுள்ள பொன்பரப்பியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஈமத்தாழிகள், தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை. எழுத்து வரலாறு தொடங்குமுன்பே இக்கரையில் மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கும், எதிர்க்கரையோடு அவர்களுக்கு ஒப்புமை இருந்தது என்பதற்கும் அவையே சான்று.

தமிழ் மக்கள் வழக்கிலும் இதே குதிரைமலைக்கு ஒரு கதை உண்டு. அல்லி அரசாணி அங்கிருந்து ஆண்டாள் என்பர்; அவளையும் கடந்துவந்த அருச்சுனன் சூழ்ச்சியாலே மணந்தான் என்பர். ஒரே கரையைப் பற்றி இரு மொழியார் வழங்கும் கதைகளிலும் வந்தவன் ஆண், இருந்தவள் பெண், அவள் விருப்பம் கேட்கப்படவில்லை.

ஆதலின், இந்நாட்டில் யார் முன்னர் வந்தார் என்று வழக்காடுவோர் குவேனியின் கதையைச் சான்றாகக் கொள்வதிற் பயனில்லை. இருந்தவளின் சொல்லைப் பெற்றவன் தானும் ஒரு சொல் தரக் கடமைப்பட்டவன். அக்கடமை தவறிய இடத்தில் மணமும் நிலைக்காது, நாடும் நிலைக்காது. இதுவே அக்கதை நமக்குக் கூறும் உண்மையாகும்.