பொம்மலகுட்டாவும் திருநாதர்குன்றும்: சமணத் தலங்களும் மொழி வரலாறும்

சமணத் திருத்தலங்கள் வழிபாட்டு வரலாற்றுக்கு மட்டுமன்றி மொழி வரலாற்றுக்கும் முதன்மைச் சான்றுகளாவன. ஐதராபாத்தின் புறநகரான ஜீடிமெட்லாவுக்கு வடகிழக்கே, கரீம்நகர் மாவட்டக் குரிக்கியாலவில் பொம்மலகுட்டா என்னும் குன்று உள்ளது. வேமுலவாடச் சாளுக்கியர் காலத்தில், கன்னட ஆதிகவி பம்பனின் தம்பி ஜினவல்லபன் இங்குச் சக்ரேசுவரி, தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்குவித்தான். கி.பி. 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அவனது கல்வெட்டு வடமொழி, கன்னடம், தெலுங்கு ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. அதன் தெலுங்குக் கந்தப் பாக்கள் அம்மொழியின் மிகப் பழைய கந்தங்களுள் வைத்து எண்ணப்பெறுகின்றன. 11ஆம் நூற்றாண்டில் நன்னயர் அரசவையில் பாரதம் பாடுவதற்கு முன்னரே அந்த யாப்பு குன்றின் பாறையில் இடம்பெற்றமை கருதத்தக்கது.

தமிழகத்தில் இதனோடு ஒப்பிடத்தக்கது செஞ்சியை அடுத்த திருநாதர்குன்று. 24 தீர்த்தங்கரர் உருவங்கள் அமைந்த அவ்விடத்தில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைத் தமிழ்க் கல்வெட்டு தெரிவிக்கிறது. முன்னது கொடையைப் போற்றுவது. பின்னது துறவைப் பதிவது. நோக்கம் வேறாயினும், வட்டார மொழியைக் கல்லில் நிலைநிறுத்தியமை இரண்டிற்கும் பொது.

தமிழிக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் கொண்ட மதுரை அரிட்டாபட்டிப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம், மக்கள் எதிர்ப்பினால் 2025இல் கைவிடப்பட்டது. படியெடுக்கப்பெறாத பாறை உடைபடின், இழக்கப்படுவது ஒரு சமயத்தின் சுவடு மட்டுமன்று. மொழியின் மூல ஆவணமுமாகும்.