அஸ்ஸஹ்ராவீ கண்ட ஈறு நோய்

ஈறு வீங்கிச் சிவந்து, தொட்டாலே இரத்தம் கசியும் நோய்க்கு நம் முன்னோர் என்ன செய்தனர் என்று கேட்டால், மிஸ்வாக் என்ற ஒரு சொல்லோடு நம்மவர் விடையை முடித்துவிடுகின்றனர். அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் இறுதி வேளையிலும் மிஸ்வாக் செய்தார்கள் என்பதை ஹதீஸ் பயின்றோர் அறிவர். அந்தச் சுன்னத்தின் சிறப்பில் ஐயமில்லை. எனினும் முஸ்லிம் மருத்துவ மேதைகள் அத்துடன் நின்றுவிடவில்லை.

அந்தலூசியாவில், குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ. கி.பி. 1013 வாக்கில் மறைந்தார். அவருடைய ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ 30 பகுதிகள் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. பற்களைச் சுரண்டித் தூய்மை செய்வதற்கென்றே அதில் ஒரு பாடம் உண்டு. பற்களின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் ஈறுகளுக்கிடையிலும் கரடுமுரடான படிவுகள் சேர்கின்றன, அவை கறுத்தோ மஞ்சளித்தோ பச்சை பூத்தோ போகின்றன, அக்கேடு ஈறுகளுக்கும் பரவுகிறது என்கிறார். நோயாளியின் தலையை மருத்துவர் தம் மடியில் வைத்துக்கொண்டு, படிவு எதுவும் எஞ்சாதபடி சுரண்ட வேண்டும். ஒரு நாளில் முடியாவிடில் மறுநாளும் தொடர வேண்டும். பல்லின் உட்புறத்துக்கு ஒரு கருவி, வெளிப்புறத்துக்கு வேறு, இடுக்குகளுக்கு இன்னொன்று என 14 சுரண்டிகளை வரைந்தே காட்டியிருக்கிறார்! கிரெமோனாவின் ஜெரார்டு 12ஆம் நூற்றாண்டில் தொலைதோவில் இப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தார்.

வீக்கத்துக்கு மருந்து பூசுவதோடு அமையாமல், அதன் வேரைப் படிவில் கண்டதே அவர் பெருமை. 1965இல் டென்மார்க்கில் ஹரால்டு லோ குழுவினர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவர்க்கும் ஈறு அழன்றது. மீண்டும் துலக்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணிந்தது. மென்மையான படிவைக் குச்சியும் பிரஷ்ஷும் நீக்கும். உமிழ்நீரின் தாதுக்களால் அது காரையாக இறுகிவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர், ஈற்றில் இரத்தம் கண்டதும் மிஸ்வாக்கையே கைவிட்டார். துலக்காமல் விட்டதால் வீக்கம் கூடியது. பல் மருத்துவரிடம் காரையை அகற்றிக்கொண்ட பின், குச்சியின் நுனியை நீரில் ஊறவைத்து மென்மையாக்கி இப்போது ஒவ்வொரு வுளூவிலும் துலக்கி வருகிறார்.